துரைக்குப் பத்து நாள் ஓய்வு

ஆபரேஷன் என்னவோ நாய்க்குட்டிக்குத்தான்; முகம் தொங்கிப்போனது வீட்டுக்காரருக்கு. "பாவம், அவனும் ஒரு ஆம்பளைதானே" என்று கருத்தடைத் தேதியை மூன்று முறை தள்ளிப்போட்டவர், நாய் டாக்டர் போட்ட அதட்டலில்தான் துரையைத் தூக்கிக்கொண்டு போனார். துரை என்பது குட்டியின் பெயர். பேருக்கேற்ற குட்டி, ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது.

உடனே அலுவலகத்துக்குப் பத்து நாள் லீவு! டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஏறியது. குதிக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, தையலை நக்கக் கூடாது, நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பைக் கழற்றவே கூடாது. மனிதர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். போர்வையை நாலாக மடித்து விரித்தார். டார்ச் அடித்துத் தையல் சிவந்திருக்கிறதா என்று பார்த்தார். கோழியை வேகவைத்துப் பிய்த்து ஊட்டினார். அவருக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியும் என்பதே, கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் மனைவிக்குத் தெரிந்தது. அடேயப்பா!

அவளுக்கு வயிறு எரிந்தது. சின்னவன் பிறந்ததும், "குடும்பக் கட்டுப்பாடு ஆண்களுக்குன்னா அரை மணி நேர வேலைதான்" என்று டாக்டரம்மா சொன்னபோது, "லீவு கிடைக்காதே" என்று கையை விரித்தவர் இதே மகராசன்தான். அதனால் கத்தி அவள் வயிற்றில் பட்டது. மூன்றாம் நாள், "வலிக்குதுங்க" என்றாள். "எல்லாப் பொம்பளைங்களும் பண்ணிக்கிறதுதானே" என்றார். அன்றைக்கே துணி வாளியைத் தூக்கினாள், தையல் பிரிந்தது.

துரையின் நான்காம் நாள் காலை, சமையலறையில் மிக்ஸியைப் போட்டாள். அவர் பதறியடித்து ஓடிவந்தார்.

"ஏய், மெதுவா! இப்பத்தான் கண்ணசந்தான். வாயில்லா ஜீவன், வலிச்சாக்கூடச் சொல்லத் தெரியாது."

மிக்ஸியை நிறுத்தினாள்.

"வாயுள்ள ஜீவன் ஒண்ணு வலிக்குதுன்னு சொல்லிச்சே. அது உங்க காதுல விழுந்துச்சா?"

அவர் எந்த ஜீவன் என்று கேட்கவில்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஃபிரிட்ஜ் கதவிலிருந்த சீட்டை உருவினாள். நேரே படுக்கையறைக்குப் போய்க் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தாள்.

"என்ன, படுத்துட்ட? பசங்களுக்குச் சாப்பாடு?"

சீட்டை அவரிடம் நீட்டினாள்.

"எனக்கும் பத்து நாள். இன்னைக்குத்தான் முதல் நாள். இதுல போட்டிருக்கிற மாதிரியே பாத்துக்கங்க. கூம்பு மட்டும் வேண்டாம், இனிமே எனக்கு வாய் தேவைப்படும்."