கூர்பெத்தியேயின் நிற்காத என்ஜின்

1910 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு விமானத்தில் மேலே போன கஸ்பார் லெமர்ஷான் கீழே இறங்க மூன்று வருடமும் பதினொரு நாளும் ஆயின. சேன் நதிக்கரையில், மெரிவால் என்கிற எங்கள் ஊரில், விமானத்தையும் அதற்கு என்ஜினையும் ஒரே கூரையின் கீழ் செய்தவர் அன்செல்ம் கூர்பெத்தியே. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, அவருக்கு என்ஜின். மற்ற பட்டறைக்காரர்கள் நடுவானில் அதை அணைக்க ஒரு பொத்தான் வைப்பார்கள், அணைத்தால்தான் இறங்கலாம். கூர்பெத்தியே வைக்கவில்லை. பெற்ற பிள்ளை பேசும்போது வாயில் துணி அடைப்பார்களா என்று கேட்டாராம். பெட்ரோல் தீர்ந்தால் தானாக நிற்கும் என்று நினைத்திருந்தார். பெட்ரோல் பதினொரு மணிக்கே தீர்ந்தது. என்ஜின் திமிரில் ஓடியது.

கஸ்பாரின் மனைவி ஒதீல் கூர்பெத்தியேயின் ஆலையில் இறக்கைக்குத் துணி தைப்பவள். தினமும் மதியம் மாதா கோயில் கோபுரத்திலிருந்து நீளக் கழியில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் நீட்டுவாள், அவன் சுற்றி வந்து பிடுங்கிக்கொள்வான். அந்த என்ஜினுக்கு மசகு விளக்கெண்ணெய். குடித்ததில் பாதியை ஊர்மேல் துப்பியது. மெரிவாலில் மலச்சிக்கல் என்ற சொல்லே வழக்கொழிந்தது. ஜூலை பதினாலு தேசிய தின ஊர்வலத்தில் வாத்தியக்காரர்கள் பாதியிலேயே ஆளுக்கொரு வேலி தேடி ஓடினார்கள். கூர்பெத்தியேக்கோ கொண்டாட்டம். நிற்காத என்ஜினைப் பார்க்க பாரிஸிலிருந்து ராணுவ அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் கேட்ட நாற்பத்தொரு என்ஜின்களும் முற்றத்தில் தயாராக நின்றன. இந்த லட்சணத்தில் அவர் எதற்குக் கஸ்பாரை இறக்குவார்?

மூன்று வருடம் முடிந்த பிறகு ஒருநாள், ரொட்டியை வாங்கிய கஸ்பார் கையசைக்க மறந்துபோனான். மறுநாளும் மறந்தான். ஒதீல் துணி வெட்டும் கத்தரியோடு நேரே முதலாளி அறைக்குப் போனாள்.

"மொதலாளி, கோபுரத்துல ஏறுங்க. உங்க என்ஜின் மட்டம்னு அதுக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க. ரோஷம் வந்து நிக்கும்."

"எம் புள்ளைய நானே மட்டம்னு சொல்லணுமா? செத்தாலும் நடக்காது."

"எறக்கிட்டு சாவுங்க. மேல இருக்கறவனுக்கு எம் மொகமே மறந்துபோச்சு. நீங்க ஏறலன்னா நாளைலேர்ந்து இங்க ஒருத்தியும் ஊசியத் தொடமாட்டா. துணியில்லாத றெக்கைல ஒங்க புள்ள பறக்கட்டும்."

கூர்பெத்தியே ஏறினார், இருநூறு படிகள். நடுவில் இரண்டு முறை, ஊர் வியாதி காரணமாக, இறங்கிப் போய்விட்டு வந்தார். உச்சியில் நின்று, விமானம் சுற்றி வந்ததும் உரக்கச் சொன்னார்: "நீ ஒண்ணும் பிரமாதமில்ல. அடுத்த தெருக்காரன் என்ஜின் ஒன்னவிட நல்லா ஓடுது."

என்ஜின் ஒருமுறை செருமி நின்றது. முற்றத்து நாற்பத்தொன்றும் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டன. அதன்பின் எவர் கையால் சுழற்றியும் அவற்றில் ஒன்றுகூடக் கிளம்பவில்லை. கூர்பெத்தியே கோபுரத்திலேயே உட்கார்ந்து அழுதார். அந்த ஆலை இன்று பால் கேன் செய்கிறது.

விமானம் பீட்ரூட் வயலில் சறுக்கி நின்றது. ஒதீல் ஓடிப்போய், பார்த்துக்கொண்டிருந்த ஊரைப்பற்றிக் கவலைப்படாமல், அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவன் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு, "ஒதீல்தானே?" என்றான். இறங்கி நின்றபோது அவன் கால் தரையில் படவில்லை. நான்கு விரற்கடை இடைவெளி. டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, நாளாக ஆக சரியாகும் என்றார். ஆகவில்லை.

"செருப்பு தேயாது, போ," என்றாள் ஒதீல். அவனுடைய கால்சட்டைகளின் மடிப்பைப் பிரித்து நான்கு விரற்கடை நீளம் விட்டுத் தைத்தாள். தூங்கும்போது மட்டும் அவன்மேல் ஒரு கையைப் போட்டுக்கொள்வாள்.