மார்கழியில் காலி செய்யச் சொன்ன வீடு

வீட்டுக்காரர் தீனதயாளன் வீட்டை விற்கப் போவதாகச் சொன்னது மார்கழி பிறந்த இரண்டாம் நாள். ஜாய்ஸ் அப்போதுதான் புதுப்பட்டினத்து லேபில் நாற்பது பேருக்கு ரத்தம் எடுத்துவிட்டு, சதுரங்கப்பட்டினத்து வாடகை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வாங்குகிறவர் தை முதல் முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம் வைத்திருக்கிறாராம், மார்கழிக்குள் காலி செய்துவிட வேண்டுமாம். ஏழு வருஷக் குடித்தனத்தை மனிதர் வாசலில் நின்றபடியே முடித்துவிட்டார்.

"மார்ச்ல பாப்பாவுக்கு ப்ளஸ் டூ பரீட்சை சார். அதுவும் மார்கழில யாரு வூடு குடுப்பாங்க?"

"உங்களுக்குத்தான் மார்கழி கிடையாதேம்மா. நீங்க எப்ப வேணும்னாலும் குடி போகலாம்."

"எங்களுக்கு இல்ல சார். வூடு குடுக்கறவங்களுக்கு கீதே."

அவர் சிரித்தார். அதில் சிரிக்க என்ன இருந்ததோ.

வேலை முடிந்த களைப்போடு ஒரு வாரம் வீடு தேடினாள். முதல் வீட்டில் தை பிறக்கட்டும் என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் அதே பாட்டு. மூன்றாவது வீட்டு அம்மாள் மட்டும் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், சொந்தக்காரர்கள் எங்கே என்று சுற்றிச் சுற்றி விசாரித்தாள். கேட்க நினைத்த ஒரே கேள்வியைக் கேட்காமலே அதற்குப் பதிலையும் தெரிந்துகொண்டாள். அந்த வீடு தையிலும் கிடைக்காது என்று ஜாய்ஸுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கேள்வி இல்லாமல் வீடு கொடுத்த ஒரே ஆள் தீனதயாளன்தான். அந்த ஒன்றுக்காகவே மோட்டார் ரிப்பேரைக்கூட அவள் இத்தனை வருஷமும் தன் கைக்காசில் பார்த்துக்கொண்டாள்.

அவள் புருஷன் பெஞ்சமின் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவன். தன் சித்தப்பா மகன் கிருபாகரனை ஒரு நாள் அழைத்து வந்தான். கிருபாகரன் திருக்கழுக்குன்றத்தில் வக்கீல் குமாஸ்தா. வாடகைப் பத்திரத்தை இரண்டு தடவை படித்தான்.

"அண்ணி, அக்ரிமெண்ட் ஜூன் வரைக்கும் கீது. வூட்டுக்காரரே ரெஜிஸ்டர் பண்ணி நம்பரும் வாங்கிகீறாரு. வூட்ட விக்கறது அவரு இஷ்டம். ஆனா வாங்கறவரு உங்களையும் சேத்துத்தான் வாங்கணும். ஒண்ணே ஒண்ணு, 'நாங்க வாடகைக்கு இல்ல'ன்னு மட்டும் உங்க வாயால சொல்லிடாதீங்க."

சொல்லிவிட்டுப் போக அவனுக்கென்ன. சனிக்கிழமை காலை தீனதயாளன் வந்தபோது அவர் அக்குளில் கண்ணாடி போட்ட முருகன் படம் இருந்தது. வாங்குகிற அருணகிரி போனில்தான் வீட்டின் படங்களைப் பார்த்திருக்கிறார், இன்று நேரில் வருகிறார் என்றார்.

"குடித்தனம் இருக்குன்னா ஆள் பின்வாங்கிடுவார். சாமானெல்லாம் என்னோடது, நீ வீட்டப் பாத்துக்கறவன்னு சொல்லியிருக்கேன். ஒரு அரை மணி நேரம் ஜாய்ஸ்."

வாசலில் தொங்கிய கிறிஸ்மஸ் ஸ்டாரை அவளே கழற்றினாள். ஹாலில் இயேசு படம் இருந்த ஆணியில் முருகனை அவர் மாட்டினார். மகள் சிநேகா புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். பெஞ்சமின் பஸ் டூட்டிக்குப் போயிருந்தான். கிருபாகரன் சொன்னதெல்லாம் ஜாய்ஸுக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் வீடு கொடுத்த மனுஷர் முகத்தைப் பார்த்து எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. வெட்கமாகவும் இருந்தது, அதைவிட அசதியாக இருந்தது.

அருணகிரி சின்ன வயசுக்காரர். கல்பாக்கத்தில் வேலை. குழாய்களைத் திறந்து பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், கடைசியாக இவளைப் பார்த்தார்.

"இவங்க?"

"வீட்டப் பாத்துக்கறவங்க. கூட்டிப் பெருக்குவாங்க. சொன்ன அன்னைக்குப் போயிடுவாங்க," என்றார் தீனதயாளன்.

அருணகிரி நல்ல மனசோடுதான் கேட்டார். "வீடு நல்லா சுத்தமா வெச்சிருக்கீங்கம்மா. சார் மாசம் எவ்ளோ தர்றார்? முடிஞ்சா நாங்களும் உங்களையே வெச்சுக்கறோம்."

ஜாய்ஸ் தீனதயாளனைப் பார்க்காமல் அருணகிரியைப் பார்த்துச் சொன்னாள்.

"அவரு எனக்குத் தர்றதில்ல சார். நாந்தான் மாசாமாசம் அவருக்குத் தர்றேன். நாங்க வாடகைக்கு கீறோம். ஜூன் வரைக்கும் அக்ரிமெண்ட் கீது."

தீனதயாளன் முகம் கறுத்துவிட்டது. "யாருமே வீடு தராதப்ப தந்தவன் நான். எங்க ஜனமே என்னைக் கேள்வி கேட்டுச்சு. அதுக்கு நீ காட்டற நன்றியா இது?"

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் ஜாய்ஸுக்கு வலித்தது.

"வாடகைக்குத்தானே சார் தந்தீங்க," என்றாள்.

அருணகிரி வாசலுக்குப் போய் மனைவியோடு போனில் வெகுநேரம் பேசினார். உள்ளே தீனதயாளன் முருகன் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்த அருணகிரி, வீடு பிடித்துவிட்டது, ஜூன் வரை காத்திருக்கிறோம், புது வாடகைப் பத்திரமும் என் பேரில் போட்டுக்கொள்கிறேன் என்றார். பிறகு கொஞ்சம் இழுத்தார்.

"தையில நாள் குறிச்சு சொந்தக்காரங்களுக்குச் சொல்லிட்டோம். அன்னைக்கு ஒரு நாள் மட்டும் சாமானெல்லாம் ஒதுக்கிட்டு நீங்க வெளிய இருந்துக்கறீங்களா? நாங்களே குடி வந்த மாதிரி இருக்கும்."

மறுபடியும் ஒருமுறை இல்லாத ஆளாக இருக்க வேண்டும். சரி என்று சொல்லிவிடுவது சுலபம். சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்தான்.

"அன்னிக்கு பாப்பா ரூம்ல படிச்சுகினு இருப்பா சார்," என்றாள் ஜாய்ஸ். "நீங்க வந்து பால் காய்ச்சிட்டுப் போங்க. அடுப்ப நான் தொடச்சு வெக்கிறேன்."

காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தது அப்போதுதான் காலில் தெரிந்தது. பழைய வீட்டுக்காரரும் புது வீட்டுக்காரரும் நின்றுகொண்டிருக்க, அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.