ராத்திரியில் மட்டும் சாகும் கம்ப்யூட்டர்

சின்னவள் மேசைக்கு அடியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர், இன்னொரு கையில் போன். முழங்காலை ஒட்டி அம்மாவின் கம்ப்யூட்டர் தூங்கிக்கொண்டிருந்தது. தூக்கத்துக்கு அடையாளமாக அதன் விளக்கு விட்டு விட்டு மினுங்கியது.

"அக்கா, நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

பெரியவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்த வாரம் அவளுக்கு ராத்திரி டியூட்டி. "சட்டுனு சொல்லு வாண்டு. நாலாம் பெட் தாத்தா எந்த நிமிஷமும் பெல் அடிப்பாரு."

விஷயம் இதுதான். விளையாட்டு வேகமாக ஓட வேண்டுமென்று, தோழியிடம் வாங்கிய பழைய ரேம் துண்டு ஒன்றை யாருக்கும் தெரியாமல் உள்ளே செருகியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை செருகினாள், அன்றைக்கே பிடித்தது சனி. அம்மா ராத்திரி தூங்க வைக்கும் கம்ப்யூட்டர், காலையில் எழுப்பினால் எழுவதில்லை. கறுப்புத் திரையில், சரியாக அணைக்கப்படவில்லை என்று ஒரு வரி வரும். அப்புறம் எல்லாம் முதலிலிருந்து.

அம்மா ஒரு வக்கீலுக்காக ஒலிப்பதிவுகளைக் கேட்டு டைப் செய்கிறாள். அவர் கொடுத்த மென்பொருள் ஒரு வீம்பு பிடித்தது. பதிவு முழுவதும் முடிந்தால்தான் சேமிக்கும். பாதியில் மூடினால் அடித்ததெல்லாம் போச்சு. அதனால்தான் அம்மா அணைக்காமல் தூங்க வைப்பாள். ஏற்கெனவே இரண்டு தடவை போய்விட்டது. இன்னொரு தடவை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக வக்கீல் சொல்லிவிட்டார். இன்றைக்கு மூன்று மணி நேரப் பதிவு. கடைசி நாற்பது நிமிடம் மட்டும் பாக்கி. கண் எரிகிறது, விடியற்காலையில் முடிக்கிறேன் என்று அம்மா போய்ப் படுத்துவிட்டாள்.

"இப்பவே அந்த ரேமைப் பிடுங்கிடறேன்கா."

"அடியே! கையை எடு! தூங்கற நோயாளியோட மூளையை உருவுவியா? அடிச்சதெல்லாம் அதுலதான் இருக்கும்."

சின்னவள் வெடுக்கென்று கையை எடுத்தாள். ஸ்க்ரூ டிரைவரைப் பாம்பைப் போல் தள்ளி வைத்தாள்.

"அழாம நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. பகல்ல தூங்க வச்சு எழுப்பிப் பாத்தியா?"

"நேத்து மத்தியானம் அம்மா குளிக்கப் போனப்போ பாத்தேன். எழுந்துச்சு. முந்தாநேத்தும் எழுந்துச்சு."

"ராத்திரியில மட்டும்தான் சாகுதா?"

"ஆமாம்."

"அப்போ நோய் உள்ள இல்லடி. ராத்திரி அந்த வார்டுக்குள்ள யார் வர்றாங்க?"

"யாரும் வர மாட்டாங்க. அப்பா மட்டும்தான்…"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பக்கத்து வீட்டில் ப்ளக் பாயிண்ட் ஒன்று புகைந்தது போன சனிக்கிழமை. மறுநாளிலிருந்து அப்பா படுக்கும் முன் வீடு முழுக்க ரோந்து சுற்றி, எல்லா சுவிட்சையும் அணைக்கிறார். விடியற்காலையில் முதல் ஆளாக எழுந்து, அணைத்த வரிசையிலேயே திரும்பப் போட்டுவிடுவார். தூங்கும் கம்ப்யூட்டருக்கும் கரன்ட் வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

கூடத்தில் டக். சமையலறையில் டக், டக்.

"அக்கா, வர்றாரு!"

"கத்துடி!"

கத்தினால் மேசைக்கடியில் என்ன வேலை என்று கேட்பார்கள். ஸ்க்ரூ டிரைவர் எதற்கு என்று கேட்பார்கள். செருப்புச் சத்தம் அறைக்குள் வந்தது. அப்பாவின் விரல் சுவரிலிருந்த சுவிட்சை நோக்கி நீண்டது.

"அப்பா! தொடாதீங்க!"

அப்பா துள்ளிக் குதித்து அலமாரியில் இடித்துக்கொண்டார். "ஐயோ! யாருடி அது? உயிரே போச்சு!"

அம்மா கூந்தலை முடிந்தபடி ஓடி வந்தாள். மூச்சிரைக்கச் சின்னவள் சுவிட்சையும் மினுங்கும் விளக்கையும் காட்டிச் சொல்லி முடித்தாள். அம்மாவின் பார்வை மெல்ல அப்பாவின் பக்கம் திரும்பியது.

"ரெண்டு நாள் உழைப்பு, மகராசா!"

"தீப்பிடிக்கக் கூடாதேன்னுதானே அணைச்சேன்…" அப்பா நெற்றியைத் தடவினார்.

அம்மா உட்கார்ந்து விசையைத் தட்டினாள். கம்ப்யூட்டருக்குள் மின்விசிறி உறுமியது. திரை கறுப்பாகவே இருந்தது. சின்னவள் மேசை ஓரத்தைப் பற்றிக்கொண்டாள். ரேமும் கெட்டதாக இருந்தால்?

திரை வெளுத்தது. அம்மா விட்ட வரி, விட்ட இடத்திலேயே நின்றது.

"இனிமே படுக்கப் போனா அடிச்சதெல்லாம் இருக்காதுன்னு பயம் வரும். இப்பவே முடிச்சிடறேன்." காதில் ஹெட்போனை மாட்டப் போனவளின் கண்ணில் ஸ்க்ரூ டிரைவர் பட்டது. "இது எதுக்கு?"

"அம்மா, இன்னொண்ணு சொல்லணும்."

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். "நாற்பது நிமிஷம் கழிச்சுச் சொல்லு. இப்போ கேட்டா என் கை நடுங்கும்."

சின்னவள் சுவிட்சுக்குக் கீழே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை.

"வாண்டு," என்றது அது தணிந்த குரலில், "நான் லைன்லயே இருக்கேன்."