பன்னிரண்டாம் இலக்கக் கார்டு

எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜீவராணி என்றால், "ஆ, அந்தக் கத்துற அக்காவா?" என்றுதான் கேட்பார்கள். கத்தாமல் என்ன செய்வது? செத்தவரின் படம் என்று நகத்தளவில் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். பாதி முகத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கும். நாளைக்குக் கருமாதி, இன்றைக்கே பெரிதாக்கி, கோட்டும் டையும் போட்டுத் தரவேண்டும் என்பார்கள். உயிரோடு இருந்தபோது ஒருநாள் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கலாமே என்று திட்டிக்கொண்டே செய்து கொடுப்பேன்.

ஆறு வருடத்துக்கு முன் லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண், தன் மாமனாரின் படத்தைக் கொண்டுவந்தாள். அது போட்டோவே இல்லை. தேயிலைப் பாக்கெட்டுக்குள் போட்டுக் கொடுத்த விளையாட்டுக் கார்டு. 1985இல் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் கால்பந்தில் கோப்பை எடுத்திருக்கிறார்கள். ஒரு தேயிலைக் கம்பனி அதை விளம்பரமாக்கி, அணியில் இருந்த பன்னிரண்டு பேரையும் பன்னிரண்டு கார்டுகளாக அச்சடித்துப் பாக்கெட்டுக்கு ஒன்றாகப் போட்டிருக்கிறது. முன்பக்கம் ஆளின் முகம், பெயர், இலக்கம். பின்பக்கம் ஒரு பெரிய குழுப்படத்தின் துண்டு. பன்னிரண்டையும் அடுக்கினால் குழுப்படம் முழுதாக வரும்.

கொழும்பில் பாக்கெட் வாங்குகிறவர்கள் சேர்த்திருப்பார்கள். கொழுந்து பறிக்கிறவர்கள் பாக்கெட் தேயிலை வாங்குவார்களா? ஆடியவனுக்குக் கம்பனி கொடுத்தது அவனவன் முகம் போட்ட ஒரே ஒரு கார்டுதான். அடையாள அட்டைகூட இல்லாமல் பலர் வாழ்ந்த காலம் அது. அநேகம் பேருக்கு வாழ்நாளில் அதைத் தவிர வேறு படமே இல்லை. அதனால் ஆள் செத்ததும் வீட்டார் அந்தக் கார்டின் நெற்றியிலேயே சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமிப் படங்களுக்குக் கீழே மாட்டிவிட்டார்கள்.

அந்தப் பெண் கொண்டுவந்தது அணித் தலைவர் கணேசமூர்த்தியின் கார்டு. ஓரத்தில் பொடி எழுத்தில் பன்னிரண்டு பேரின் பெயரும் இருந்தது. கடைசிப் பெயர் செல்லசாமி. நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். செல்லசாமி என் அப்பா.

அப்பாவை நான் பார்த்ததில்லை. நான் வயிற்றில் இருக்கும்போதே செத்துப்போனார் என்று அம்மா சொல்லியிருந்தாள். அந்தத் தோட்டத்தை விட்டு டிக்கோயாவுக்கு வந்த பிறகுதான் என்னைப் பெற்றாள். எப்படிச் செத்தார் என்று ஒருமுறை கேட்டதற்கு அறை விழுந்தது. படம் என்று ஒன்றுமே வீட்டில் இல்லை. ஊரார் அத்தனை பேரின் அப்பாவுக்கும் கோட்டு மாட்டிவிடுகிற எனக்கு, என் அப்பா கறுப்பா சிவப்பா என்றே தெரியாது. அந்த ஒன்றுதான் என் வாழ்க்கையில் ஆறாத குறை.

அன்றிலிருந்து கார்டு தேட ஆரம்பித்தேன். வீடு வீடாகப் போய், "பெருசாக்கி, கலர் போட்டு, பிரேமும் போட்டுத் தர்றேன், கார்ட எனக்குக் குடுங்க" என்று கேட்டேன். யாரும் மறுக்கவில்லை. ஆறு வருடத்தில் பதினொன்று சேர்ந்தது. பதினொரு பேரும் செத்தவர்கள். பதினொரு நெற்றியிலும் சந்தனக் கறை. நாலாம் இலக்கத்தில் கறையை எடுக்கலாம் என்று ஈரத்துணியால் துடைத்தேன். மலிவு அச்சு, மூக்குவரை வெள்ளையாகிவிட்டது. அதற்குப் பிறகு எதிலும் தண்ணீர் படவிடவில்லை.

பின்பக்கங்களை அடுக்கிப் பார்த்தால் பதினொரு பேர் தோளோடு தோளாக நிற்பார்கள். நடுவில் ஒரு துண்டு இல்லை. அந்த ஓட்டையின் ஒரு பக்கத்திலிருந்து கணேசமூர்த்தியின் கையும், மறுபக்கத்திலிருந்து கோல் காப்பாளர் சிறிலின் கையும் உள்ளே நீண்டு, கார்டின் ஓரத்தோடு வெட்டுப்பட்டிருக்கும். அவர்கள் என் அப்பாவின் தோளில் கை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுவேன்.

போன ஆடி மாதம், 'என் அப்பா செல்லசாமியின் பன்னிரண்டாம் இலக்கக் கார்டு வேண்டும்' என்று கடை விலாசமும் போன் நம்பரும் சேர்த்துப் பேஸ்புக்கில் பத்தாவது தடவையாகப் போட்டேன். ஆடி அமாவாசைக்கு முதல்நாள் சாயங்காலம் வலப்பனையிலிருந்து தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே கார்டும் ஒரு துண்டுக் காகிதமும். காகிதத்தில் ஒரு போன் நம்பர், 'கிடைத்ததும் பேசுங்கள்' என்று ஒரு வரி. விலை பேசத்தான் கூப்பிடச் சொல்கிறான், கிடக்கட்டும் என்று அதை மேசைக்குள் தள்ளினேன். அதைப்போல ஒரு மடத்தனத்தை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

அப்பாவைப் பார்த்தேன். சுருட்டை முடி. யாரோ கேலி பண்ணியதற்குப் பதில் சொல்லப் போகிறவர்போல் நாடியைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதிருக்கும், என்னைவிடச் சின்னவர். கடைக் கதவைச் சாத்திவிட்டுச் சத்தம்போட்டு அழுதேன்.

பிறகுதான் கார்டைத் திருப்பினேன். பின்பக்கத்தில் ஆள் இல்லை. புல், மூடிய வானம், இரண்டு பக்கமிருந்தும் வந்த இரண்டு கைகள். அந்தக் கைகள் ஒன்றுமில்லாத இடத்தில், தோள் உயரத்தில், விரல்களை மடக்கிப் பதிந்திருந்தன. அச்சில் ஏதோ பிசகு என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ஆடி அமாவாசை. அப்பாவை இழந்த பிள்ளைகள் விரதமிருந்து படத்துக்குப் படைக்கிற நாள். அம்மா இருந்தவரை வீட்டில் அதைச் செய்யவிட்டதே இல்லை. படமில்லாமல் யாருக்குப் படைப்பது என்பாள். இந்த வருடம்தான் எனக்கு அந்தப் பாக்கியம் கிடைத்திருக்கிறது என்று காலையிலேயே தலைக்குக் குளித்து, கடைக்குள்ளேயே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தேன். ஸ்கேன் பண்ணி வைக்கவேண்டும் என்ற நினைப்புக்கூட வரவில்லை. மற்றப் பதினொன்றிலும் இருந்ததுபோலவே, கார்டின் நெற்றியில் சந்தனம் தொட்டு, நடுவே குங்குமம் வைத்தேன். பன்னிரண்டு கார்டுகளையும் இரண்டு கண்ணாடிக்கிடையில் வைத்து யன்னலில் நிறுத்தினேன். முகங்கள் உள்ளே என்னைப் பார்த்தும், குழுப்படம் ரோட்டைப் பார்த்தும் இருந்தன. செவ்வந்தி மாலை போட்டு விளக்கை ஏற்றும்போது சுவர் மணிக்கூட்டில் பத்தரை.

என்னிடம் வேலை செய்கிற தனுஷிகா வாழையிலை வாங்கப் போயிருந்தாள். வெளியே மூட்டம் ரோட்டையே விழுங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து வந்தவள் யன்னலுக்கு வெளியே நின்றுவிட்டாள்.

"அக்கா, அந்த ஓட்டையில யாரையோ ஒட்டிட்டீங்களா?"

"எந்த ஓட்டை?"

"நடுவுல. நேத்துக் காட்டுறப்போ ஆளில்லையே. இப்ப நிக்கிறாரு."

வெளியே போய்ப் பார்த்தேன். கணேசமூர்த்திக்கும் சிறிலுக்கும் நடுவில், புல்லின்மேல் ஒரு சாயல். கால் இல்லை. தோள் இருந்தது. அந்த இரண்டு கைகளும் இப்போது சரியாக அந்தத் தோளின்மேல் இருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டையின் கோடுகள் தெரியத் தொடங்கின. இருட்டறையில் தட்டுக்குள் போட்ட போட்டோ எழும்பி வருமே, அப்படி. எனக்குப் பயம் வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். படையலை ஏற்றுக்கொண்டு அப்பா வந்துவிட்டார் என்று கைகூப்பினேன். தனுஷிகாதான் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஜீவராணி அக்காங்களா? நான் வலப்பனையில இருந்து பூரணி. கார்டு கெடைச்சிச்சுங்களா?"

"கெடைச்சிச்சு. நீங்க யாருங்க?"

"செல்லசாமியோட மகளுங்க. நானும். ஒங்க பதிவ நான்தான் அப்பாவுக்குக் காட்டுனேன். படத்த அனுப்பு, புள்ள பேசுவான்னு சொன்னாரு. நேத்துல இருந்து போனையே கையில வச்சிக்கிட்டு இருந்தாரு அக்கா. இன்னைக்குக் காலையில பத்தரைக்கு நல்லாத்தான் ஒக்காந்திருந்தாரு. திடீர்னு நெத்தியப் புடிச்சிக்கிட்டு, என்னமோ குளுருதேன்னாரு. விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரியில இருக்கோம். கண்ணே தொறக்கல."

அம்மா சாகும்வரை பொட்டு வைத்திருந்தாள். ஊர் பேசினாலும் அழிக்கவில்லை. திமிர் என்று நினைத்திருந்தேன். விட்டுவிட்டு ஓடியவனைப் பிள்ளையிடம் செத்தவன் என்று சொன்னவளுக்கு, தன் நெற்றியில் பொய் சொல்ல மட்டும் மனம் வரவில்லை. அது என் மரமண்டைக்கு அந்த நிமிடம்தான் ஏறியது. அந்தக் கார்டில் மட்டும் ஏன் கறை இல்லை என்று யோசிக்காமல், உயிரோடு இருக்கிற மனிதனுக்கு நானே பொட்டு வைத்து மாலையும் போட்டிருக்கிறேன்.

தெரியாமல் உயிருள்ளவர் படத்துக்குப் பொட்டு வைத்துவிட்டால், துடைத்தால் போதாது, படத்தையே மஞ்சள் தண்ணீரில் முக்கிக் கழுவவேண்டும் என்று எங்கள் தோட்டத்து லய வீடுகளில் சொல்வார்கள். கழுவினால் அந்தக் கார்டில் முகம் நிற்காது. நாலாம் இலக்கத்தின் வெள்ளை மூக்கு கண்ணுக்கு முன்னால் நின்றது. போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று கை போனது. பொட்டோடு எடுத்தால் அதுவும் செத்தவர் படம்தானே, எங்கேயும் மிஞ்சக்கூடாது என்று போனைத் தூர வைத்தேன்.

"அக்கா, வயித்துவர வந்துட்டாரு," என்று வெளியிலிருந்து தனுஷிகா அழுதாள்.

விளக்கை அணைத்து, கார்டை உருவி, மஞ்சள் கரைத்த பேசினுக்குள் முக்கினேன். பெருவிரலால் தேய்த்தேன். குங்குமம் போனது, சந்தனம் போனது. அதோடு நெற்றி, கண், அந்தச் சிரிப்பு. இன்னொரு தரம் பார்த்துக்கொள்வோம் என்று நிறுத்தியிருந்தால் நான் மனுஷியே இல்லை. ஆனால் நிறுத்தத்தான் நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். நகத்துக்குள் நிறம் ஏறும்வரை தேய்த்தேன். முன்னும் பின்னும் வெள்ளையாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் பூரணி மறுபடி போன் எடுத்தாள்.

"கண்ணத் தொறந்துட்டாருங்க."

பஸ் மாறி மாறி வலப்பனைக்குப் போய்ச் சேர்ந்தபோது நோயாளி பார்க்கும் நேரம் முடிய இருந்தது. பூரணி வாசலில் நின்று என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். கட்டிலில் பல்லில்லாத, முடியில்லாத ஒரு கிழவர். காலையில் பார்த்த முகத்தை இவரில் தேடினேன். அந்த முகமே எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். யாரென்று கேட்கவில்லை.

"மைதானத்துல நின்னேம்மா," என்றார். "எல்லாப் பயலும் இருந்தானுங்க. மூர்த்தி தோள்ல கையப் போட்டான். சிறிலும் போட்டான். காலு வலியில்ல, ஒண்ணுமில்ல. சீக்கிரம் வாடான்னானுங்க. அப்புறம் மஞ்சத் தண்ணி வந்து என்னைய மட்டும் இழுத்துட்டுப் போயிருச்சு." என் நகங்களைப் பார்த்தார். "எம்புட்டு நல்லா இருந்திச்சு. ஏம்மா கழுவுன?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "அன்னைக்கும் எங்கள விட்டுட்டுப் போனீங்க, இன்னைக்கும் போகப் பாத்தீங்களா?" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடிவந்தாள். நான் நிறுத்தவில்லை. அம்மா பட்டது, நான் பட்டது, முப்பத்தெட்டு வருடத்துத் திட்டு அத்தனையையும் அவர் முகத்தைப் பார்த்துத் திட்டினேன். அவர் கண்ணை மூடவில்லை. முழுதாகக் கேட்டுவிட்டு, மஞ்சள் பிடித்த என் கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.