பெற்ற தாய் என்று ஒரு கையெழுத்து

குறிகட்டுவான் இறங்குதுறையில் நாகபூசணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. காற்று அடங்கும்வரை நெடுந்தீவுப் படகு வெளிக்கிடாது என்றுவிட்டார்கள். பத்தடி நடந்தாலே களைத்துப்போகும் ஏழு வயது மேனுகா, பையில் தலைவைத்துப் படுத்திருந்தாள். நாகபூசணி எழும்புவாள், நாலடி நடப்பாள், திரும்பவும் வந்து இருப்பாள்.

காலையில் யாழ்ப்பாணத்தில் போட்ட கையெழுத்துத்தான் அவளைப் பிடுங்கித் தின்றது. டொக்டர் சர்வேஸ்வரன் பொறுமையான மனுசன், படம் கீறி விளங்கப்படுத்தியிருந்தார். உடம்பின் கலங்களுக்குச் சக்தி கொடுப்பது இழைமணி. மேனுகாவுக்கு அதில் பெரும்பங்கு பழுது, அதுவும் தாயிடமிருந்து வராமல் அவளில் புதிதாக உண்டான பழுது. தாயின் இரத்தத்திலிருந்து நல்ல இழைமணிகளைப் பிரித்து, பிள்ளையின் கலங்களுக்குள் புகுத்தி, அவற்றைத் திரும்பப் பிள்ளைக்கே ஏற்றிப் பார்க்கிறார்களாம், வெளிநாட்டில். பரிசோதனைதான், உறுதி சொல்ல ஏலாது என்றார். அங்கே அனுப்பிச் சோதிக்க நாகபூசணி இரத்தம் கொடுத்தாள். படிவத்தில் 'பெற்ற தாய்' என்ற இடத்தில் கையெழுத்தும் வைத்தாள்.

பெற்றவள் அவள் இல்லை, தங்கை நிருஜா. கலியாணத்துக்கு முன் பிறந்த பிள்ளையை அக்காவின் பெயரில் பதிந்துவிட்டுக் கனடாவுக்குப் போனவள். ஊருக்குத் தெரியாது. போன வருசம் அவள், "பிள்ளையைத் திருப்பித் தாங்கோ அக்கா" என்று கேட்டபோது நாகபூசணி பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள். இப்போது உண்மையைச் சொன்னால் இரத்தம் கொடுக்க நிருஜா வந்தாக வேண்டும். வந்தவள் வெறுங்கையோடு திரும்புவாளா? சொல்லாவிட்டால், பெறாதவளின் இரத்தம் பிள்ளைக்குள் போய் என்ன கூத்துக் காட்டுமோ?

பிள்ளைக்கு என்னாகுமோ என்ற பயம் மற்றப் பயத்தைத் தின்றது. டொக்டரை அழைத்தாள். காற்றிரைச்சலில் ஒன்றும் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"டொக்டர், அந்த இரத்தத்தை அனுப்பாதேங்கோ. நான் பெறேல்லை. என்ர தங்கச்சி பெத்த பிள்ளை."

டொக்டர் கேட்டார், "ரெண்டு பேரும் ஒரே தாயின்ர பிள்ளையளோ?"

"ஓம்."

"இதை முதலே சொல்லியிருக்க வேணும். படிவம் மாத்தோணும், வெளிநாட்டில செய்யிற அவையிட்டையும் கேக்கோணும். ஆனா இழைமணி தாய்வழியாத்தான் வரும். உங்கட அம்மா உங்களுக்குத் தந்ததுதான் தங்கச்சிக்கும், அவவிட்ட இருந்து பிள்ளைக்கும். சோதனையில நல்லா இருந்தா நீங்களே குடுக்கலாம்."

நாகபூசணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நிருஜா வரத் தேவையில்லை. பிள்ளை தன் பிள்ளையாகவே இருக்கும். வெட்கமில்லாத சந்தோசம்தான், ஆனாலும் சந்தோசம். அந்த முகத்தோடே திரும்பினாள். மேனுகா எழும்பி இருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"அம்மா..."

"என்ன குஞ்சு?"

"அப்ப சித்தியிட்டையும் எடுக்கலாமோ? ரெண்டு பேரும் தந்தா நான் கெதியா ஓடுவன் என்ன?"

 நாகபூசணி பிள்ளையைப் பாராமலே நிருஜாவின் கனடா நம்பரைத் தேடத் தொடங்கினாள்.