பட்டி பார்த்த படகு

பெயிண்டரின் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, டர்பன்டைன் தோய்த்த துணியால் அவருடைய நகக்கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள் அவர் மனைவி. சுண்டுவிரலும் மோதிரவிரலும் முடிந்துவிட்டன. நடுவிரலில்தான் வெள்ளைப் பெயிண்ட் நகத்துக்கும் சதைக்கும் நடுவில் புகுந்துகொண்டு, வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. நேற்றுக் காலை படகைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால் கடைசியாக ஒரு இழுப்பு இழுத்தாரே, அந்தப் பெயிண்ட். கை ஆறிப்போய்விட்டது. பெயிண்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை.

"விடும்மா. அதோடயே போகட்டும். அவன் வாழ்ந்ததே அதோடதானே" என்றாள் நாத்தனார். தம்பியின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள் காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"சுத்தமா இருக்கணும்னு நினைப்பாருங்க அண்ணி."

"ஆமா. என் தம்பி கை சுத்தத்துக்கு இந்த ஊர்ல யாரு நிப்பா?" நாத்தனார் பக்கத்திலிருந்த பெண்களைப் பார்த்தாள். அவர்களும் தலையை ஆட்டினார்கள். தெருவில் முக்கால்வாசி வீடு அவர் அடித்தது. 'இன்னொரு கோட்டு' என்றுதான் அவருக்குத் தெருவே பெயர் வைத்திருந்தது. போதும் என்று வீட்டுக்காரர் சொன்னாலும், தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "இன்னொரு கோட்டு அடிச்சுடறேனே" என்பார்.

அவரை எடுத்துப்போகிற வண்டி நாலு மணிக்கு வருவதாகப் பேச்சு. இப்போதுதான் இரண்டரை.

அப்போதுதான் வாசலில் அந்தச் சத்தம் கேட்டது. டொக், டொக். விரல் முட்டியால் மரத்தைத் தட்டுகிற சத்தம்.

அவள் கை நின்றுவிட்டது.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். காலையில் துறையிலிருந்து ஆட்கள் இழுத்துக்கொண்டு வந்த படகு, இரண்டு சக்கர வண்டியின் மேல் முற்றத்தை அடைத்துக்கொண்டு நின்றது. பாய்மரம் இல்லை. வலப்பக்கத்து விளிம்பில், பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பி மாட்டியிருந்த இடத்தில், ஒரு கை நுழையும் அளவுக்குப் பிய்ந்து தொங்கியது. மற்றபடி சலவைக்குப் போய் வந்தது மாதிரி பளிச்சென்று இருந்தது. ஒரு ஆளை விழுங்கிவிட்டு வந்த பொருள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அதன் இடப்பக்கம் மகன் நின்றான். கூடவே தபால்காரர், பெயிண்டருக்கு முப்பது வருஷத்துச் சிநேகிதர்.

"பாருங்க மாமா. போனது அந்த ஒரு பக்கம்தான். இந்தப் பக்கம் கல்லு மாதிரி இருக்கு." மறுபடியும் தட்டினான். டொக்.

"உங்கப்பன் கை பட்டதாச்சே. முகம் பார்த்துத் தலை சீவலாம்."

"ஆயிரம் பேச்சுப் பேசுனாங்க மாமா. ஏமாந்துட்டான், குப்பையை வாங்கிட்டான்னு. இன்னைக்கும் துறையில ரெண்டு பேரு அதையேதான் சொன்னாங்க. அந்த ஒரு பக்கத்தை ஒட்டி, பாய்மரத்தை நிமிர்த்தி, வர்ற ஞாயித்துக்கிழமை நானே ஓட்டிட்டுப் போய்த் திரும்பி வரேன். எவன் பேசறான்னு பாக்கலாம்."

"நானும் வரேன்டா. அவன் என்னைக் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தான்" என்றார் தபால்காரர்.

கேட்டுக்கொண்டிருந்தவள் டர்பன்டைன் துணியைக் கீழே வைத்தாள்.

அந்தப் படகு வந்த கதை தெருவுக்கே தெரியும். ஒரு பல் டாக்டர் விற்றார். வேறு ஊருக்குப் போகிறாராம், அதனால் அடிமாட்டு விலை. துறையில் படகு பார்ப்பதற்கென்றே ஒருவர் இருக்கிறார். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, அடிவயிற்றிலிருந்து நுனிவரை சுத்தியலால் தட்டிப் பார்த்து, ஒருதரம் ஓட்டியும் பார்த்துவிட்டுத்தான் வாங்கலாமா வேண்டாமா என்று சொல்லுவார். அவரைக் கூப்பிடச் சொல்லி எத்தனையோ பேர் சொன்னார்கள். பெயிண்டர் கேட்கவில்லை. படகு தண்ணீரில் மிதக்கும்போதே கரையில் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார். அவ்வளவுதான் அவர் பார்த்த பார்வை.

"பிரஷ் தடமே இல்லம்மா! அடிச்சவன் யாரோ கெட்டிக்காரன்" என்று வீட்டுக்கு வந்து குழந்தை மாதிரிச் சொன்னார்.

"விக்கிற வீட்டுக்குத்தானேங்க நம்மளக் கூப்பிடுவாங்க?" என்றாள் அவள். "ஈரம் ஏறின சுவத்துக்கு நாம எத்தனை அடிச்சுக் குடுத்திருக்கோம்."

"சுவரு வேற, படகு வேற."

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர்கள் வேலை அப்படித்தான் பங்கு பிரிந்திருந்தது. அவள் குழியை அடைத்துப் பட்டி பார்ப்பாள், உப்புத்தாள் தேய்ப்பாள். அவர் மேலே பெயிண்ட் அடிப்பார். சுவரின் குழியும் வெடிப்பும் அவள் கைக்குத் தெரியும். அவர் பார்க்கும்போது சுவர் எப்போதும் வழவழப்பாகத்தான் இருக்கும். அப்படியே முப்பது வருஷம் பார்த்துப் பழகிவிட்டது மனுஷருக்கு.

படகு முற்றத்துக்கு வந்த மறுநாளே அவள் கண்டுபிடித்துவிட்டாள். கம்பி மாட்டும் இரும்புத் தகட்டைச் சுற்றிச் சும்மாதான் கட்டைவிரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போனது, நனைந்த ரொட்டியில் போகிற மாதிரி. அடுத்த பக்கம் போய் அழுத்தினாள். அங்கேயும் அதே கதை.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவரும் அழுத்திப் பார்த்தார். மகன் அன்றைக்கு வேறு வேலைக்குப் போயிருந்தான். முற்றத்தில் இவர்கள் இரண்டு பேர்தான்.

"திருப்பிக் குடுத்துடலாங்க."

"எப்படிக் குடுக்கறது? அந்தாளு ஊரைவிட்டே போயாச்சு." அப்புறம் குரலை இறக்கி, "ஊரெல்லாம் சொல்லிட்டேனேம்மா" என்றார்.

ஆசையைக்கூட மறுத்துப் பேசிவிடலாம். வெட்கத்தில் குன்றி நிற்கிற மனுஷரிடம் என்ன பேசுவது?

"பட்டி வெச்சுடு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "கார்ப் பட்டறையில வைக்கிறானே, அதை வாங்கிட்டு வரேன். காஞ்சா கல்லு."

"பட்டி குழியை மறைக்குங்க. ஆணியைப் பிடிக்காது."

"மேல நான் இன்னொரு கோட்டு அடிச்சுடறேன்."

அவள் வைத்தாள். சின்னப் பிள்ளைக்குப் புண்ணில் மருந்து வைப்பதுபோல் மூன்று தடவை வைத்து, காயவிட்டுத் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்தாள். அவள் வேலையிலேயே அதுதான் நல்ல வேலை. அதுதான் கொடுமை. நேற்றுக் காலை துறையில், "நீயும் ஏறேன், பயமா?" என்று அவர் சிரித்தபோது, "எனக்கு வீட்ல வேலை கெடக்கு" என்றாள். போகாதீங்க என்று ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சுற்றி நாலு பேர் நின்றார்கள். சொல்லவில்லை. மதியம் காற்று கொஞ்சம் பலமாக அடித்தது, கொஞ்சம்தான். ஜன்னல் திரை ஆடுகிற அளவுக்கு. ஒரு மணிக்குத் துறையிலிருந்து போன் வந்தது. கம்பி பிடுங்கிக்கொண்டு வந்து, பாய்மரம் அவர் தலையில் சாய்ந்துவிட்டதாம்.

டொக், டொக்.

"கல்லுதான்டா" என்றார் வெளியே, தானும் தட்டிப் பார்த்த தபால்காரர்.

அவள் கணவர் கையை மெதுவாக எடுத்து அவர் மார்பில் வைத்தாள். எழுந்தாள்.

"எங்க போற? வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள் நாத்தனார்.

அவள் சமையலறைக்குப் பின்னால் போனாள். வேலைச் சாமான் பெட்டியில் பட்டித் தகடு மேலாகவே கிடந்தது. அதை எடுத்துப் புடவை மடிப்பில் மறைத்துக்கொண்டாள். வாசல்வரை போனவள், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முற்றம் நிறைய ஆட்கள். ஒவ்வொருவரும் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன வேலைக்காரன்! அவன் அடிச்ச சுவரு பத்து வருஷம் பேசும். இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் வண்டி வந்துவிடும். அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பெயரோடே அவரை அனுப்பிவைக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. மகனிடம் தனியாகச் சொல்லலாம், மெதுவாகச் சொல்லலாம். நேற்றும் இப்படித்தான், சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

மகன் அவளைப் பார்த்துவிட்டான். "என்னம்மா? உள்ள உக்காரு."

"அது கல்லு இல்லடா."

"என்னது?"

அவள் படகுக்குப் பக்கத்தில் போனாள். தகட்டை எடுத்து, இடப்பக்கத்து இரும்பை ஒட்டினாற்போல் ஊன்றி அழுத்தினாள். பெயிண்ட் சுருள் சுருளாக எழுந்து வந்தது. அடுத்தது பட்டி; அது லேசில் வரவில்லை. தன் கைவேலையோடு தானே மல்லுக்கு நின்றாள். தகட்டின் பின்பக்கத்தை உள்ளங்கையால் குத்திக் குத்தி இறக்கினாள்.

"அம்மா, அப்பா அடிச்சதும்மா! என்ன பண்றே?"

"அதிர்ச்சிடா. பிடி, பிடி" என்றார் தபால்காரர். ஆனால் யாரும் பிடிக்கவில்லை. முற்றத்தில் பேச்சு ஒவ்வொன்றாக அணைந்தது.

ஒரு துண்டு பெயர்ந்து தரையில் விழுந்தது. அதற்குப் பின்னால் மரம் கன்னங்கரேலென்று இருந்தது. தகட்டின் நுனியால் லேசாகத் தொட்டாள். பிசுபிசுவென்று அப்படியே இறங்கிற்று. வெகுநாள் மூடிக்கிடந்த கிணற்றின் வாடை ஒன்று வந்து நின்றவர்களின் மூக்கில் அடித்தது. கல்லு என்று தட்டிய தபால்காரர் கையைப் பின்னுக்கு இழுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

மகன் கீழே குனிந்து அந்தப் பட்டித் துண்டை எடுத்தான். திருப்பிப் பார்த்தான். மூன்று அடுக்கு, ஒன்றுக்கு ஒன்று நூல் பிடித்த மாதிரி. அவனுக்குப் பட்டி பார்க்கக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். யார் கை என்று அவன் கேட்க வேண்டியதே இல்லை.

"நான்தான் வெச்சேன்" என்றாள். "ரெண்டு பக்கமும். அடியில எப்படி இருக்குன்னு நான் பாக்கவே இல்ல. பாக்கப் பயந்துக்கிட்டு விட்டுட்டேன்."

நாத்தனார் வாசற்படிக்கு வந்திருந்தாள். காலையிலிருந்து எழாதவள் எழுந்து வந்திருந்தாள். "அடிப்பாவி" என்றாள், சத்தமே இல்லாமல். "தெரிஞ்சேவா அனுப்புன?"

"தெரிஞ்சுதான் அனுப்புனேன் அண்ணி."

"அவனுக்கு? என் தம்பிக்குத் தெரியுமா?"

எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் கையிலிருந்த தகட்டைப் பார்த்தாள். அதன் விளிம்பில் வெள்ளையும் கறுப்பும் ஒன்றாய் ஒட்டியிருந்தன.

"அவருக்குத் தெரியாது" என்றாள்.

மகன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். பட்டி வைத்த இடம் எங்கே என்று பார்க்காமல் அப்பா பிரஷ்ஷைத் தொட்டதே இல்லை. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது தெரியாதா? ஏதோ சொல்ல வாயெடுத்தான். அத்தையைப் பார்த்தான். வாசலுக்கு அந்தப் பக்கம், உள்ளே, நீட்டிக் கிடந்த பாதங்களைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

நாத்தனார் திரும்பி உள்ளே போய்விட்டாள். ஒன்றிரண்டு பேர் செருப்பைத் தேடுகிற சாக்கில் வேலிப்பக்கம் நகர்ந்தார்கள். தபால்காரர் மட்டும் எங்கே போவதென்று தெரியாமல் நின்றார்.

"ஞாயித்துக்கிழமை…" என்று ஆரம்பித்தார்.

"இல்ல மாமா" என்றான் மகன்.

அவள் பிளந்துவிட்ட இடத்திலிருந்து தண்ணீர் கசிந்தது. எத்தனை காலத்துத் தண்ணீரோ, காவி நிறத்தில் ஒரு சொட்டு விளிம்பில் திரண்டு, கனத்து, வெள்ளைப் பெயிண்டின் மேல் மெல்ல இறங்க ஆரம்பித்தது. மகனின் கை தன்னால் நீண்டது. வழிகிற சொட்டைக் கண்டால் கட்டைவிரலால் வழித்தெடுக்கிற கை அது. பாதி தூரம் போனது. அங்கேயே நின்றது.

சொட்டு படகின் வளைவில் தயங்கி, வழி கண்டுபிடித்து, நீளமாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு கீழே போயிற்று. அவன் கையை இறக்கிக்கொண்டான். அம்மாவும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, அது தரைக்கு வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.