ரத்துக் கோடு

அய்யனார் கோவில் ரோட்டில் இருந்த பழைய பஞ்சு குடோனை நவநீதகிருஷ்ணன் காகிதப் பட்டறை ஆக்கியிருந்தார். பேண்டேஜ் துணிக் கழிவை ஊறவைத்துக் கூழாக அரைத்து, சல்லடையில் அள்ளிக் காயவைத்தால் காகிதம். அதன் மேல் மரக்கட்டையில் செதுக்கிய படத்தின் அச்சு. அங்கே வேலை செய்ய இந்த வருடம் இரண்டு ஓவியர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் மும்பை ரோஹன். இன்னொருத்தி நான், ஸ்ரீவில்லிபுத்தூர் பாண்டிசெல்வி. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள்.

ரோஹனுக்கு ஏசி அறை. நான் பக்கத்து ஊர் என்பதால் பஸ்ஸில் வந்து போனால் போதுமாம். வரும்போது விருந்தாளிகளுக்குப் பால்கோவாவும் வாங்கி வர வேண்டுமாம். ரோஹனுக்கு நாற்காலியில் உட்கார்ந்து மண்ணின் மௌனத்தைப் பற்றிப் பேசுவதுதான் வேலை. கூழ்த்தொட்டியில் கைவிட்டால் அவருக்குத் தோல் வறண்டுவிடும். அவருக்கான காகிதத்தையும் நான்தான் அள்ளினேன். அள்ளும்போது என் கைகளைப் போட்டோ எடுத்து, அதைப் பார்த்துக் கட்டையில் செதுக்கினார். மணிக்கட்டோடு நிறுத்திவிட்டார். தலை அவருக்குத் தேவைப்படவில்லை. படத்துக்குத் தலைப்பு 'பெயரற்றவள்'. பக்கத்தில்தான் நின்றேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள், என் படங்களுக்கென்று இருந்த ஒரே சுவரையும் நவநீதகிருஷ்ணன் அவருக்குக் கொடுத்தார்.

"நீ உள்ளூர்ப் பிள்ளதானம்மா, அடுத்த தடவ பாத்துக்கிடலாம். இப்ப அவருக்கு அச்சு எடுத்துக் குடுத்துரு."

எடுத்துக் கொடுத்தேன். கோபத்தில் வேலையைக் கெடுக்கிற ஆள் நான் இல்லை. எல்லாப் பிரதிகளிலும் பென்சிலால் கையெழுத்துப் போட்டுவிட்டு ரோஹன் அருவியில் குளிக்கப் போனார்.

பட்டறையில் ஒரு விதி உண்டு. கடைசிப் பிரதி எடுத்ததும் கட்டையைக் குறுக்கே கீறி ரத்து செய்ய வேண்டும். பிறகு யாரும் திருட்டுப் பிரதி எடுக்க முடியாது. கீறிய கட்டையில் ஓர் அச்சு எடுத்து, சாட்சியாக மற்றவற்றோடு மாட்ட வேண்டும். கீறுவது அச்செடுத்தவர் வேலை. வருகிறவர்களிடமெல்லாம் நவநீதகிருஷ்ணன் பெருமையாகச் சொல்லும் விதி இது.

உளியை எடுத்தேன். எத்தனை கோடு என்று விதியில் இல்லை. மணிக்கட்டுக்கு மேலே, அச்சில் கருப்பாக விழட்டும் என்று அவர் செதுக்காமல் விட்டிருந்த இடத்தில் என் முகத்தைச் செதுக்கினேன். கைகளின் குறுக்கே என் பெயரை இடவலம் மாற்றி ஆழமாக வெட்டினேன். அச்சில் அது நேராக, வெள்ளையாக விழுந்தது. விதிப்படி மற்றவற்றோடு மாட்டினேன்.

மறுநாள் பால்கோவாவைத் தின்றுகொண்டே ஆட்கள் அதன் முன்னால் நின்றார்கள். நவநீதகிருஷ்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, ஒரு கோடு போதாதா என்று பல்லைக் கடித்தார்.

"விதிய மாத்திட்டு வந்து கழட்டுங்க சார்."

வந்தவர்களிடம் அந்த விதியை அப்போதுதான் விளக்கி முடித்திருந்தார். கழற்றவில்லை.

ரோஹன் பென்சிலோடு வந்தார். எல்லாவற்றிலும் இதுதான் உயிரோட்டமாக இருக்கிறதாம். இருவரின் கூட்டுப் படைப்பாம். என்னைக் கேட்காமலே கிளிப்பிலிருந்து காகிதத்தை உருவினார். பென்சிலைப் பிடுங்கினேன். இத்தனை நாள் அவருக்கு மொழிபெயர்த்தவள் நான்தான். அன்றைக்குத் தமிழிலேயே சொன்னேன்.

"ஒங்க படத்தத்தான் ரத்து பண்ணியாச்சே. இது எம்படம்."

அவர் நவநீதகிருஷ்ணன் முகத்தைப் பார்த்தார். நான் காகிதத்தை வாங்கிச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.